சோதனைத் திடல்களை வெட்டும் முடிவை நிறுத்துங்கள்: மர மேம்பாட்டுத் திட்ட நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

தேர்ந்த ரேடியேட்டா பைன் மரங்களின் பிள்ளைகளைக் குடும்பம் குடும்பமாக நட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய சந்ததிச் சோதனைத் திடல்கள் எல்லாவற்றையும் இந்த வெட்டுப் பருவத்திலேயே ஏலம் விடுவது. அந்தத் தேர்ந்த மரங்களின் ஒட்டுகளை வளர்த்து வைத்திருக்கும் ஒட்டுமரச் சேகரிப்பை அகற்றி அந்த நிலத்தையும் நடவுக்குக் கொடுப்பது. இனி திடலில் மரத்தை அளக்காமல் கன்றின் டிஎன்ஏவை மட்டும் பார்த்துத் தேர்வு செய்வது. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுவது. உங்கள் சுற்றறிக்கையின் சாரம் இவ்வளவுதான். அந்தத் திடல்களில் டேப்பும் துளைப்பானும் தூக்கிக்கொண்டு அளந்தவன் நான். அப்புறம் அதே அளவுகளைக் கணினியில் ஏற்றித் தரவரிசை எடுத்தவனும் நான்தான். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. திட்டத்துக்குள் எழுதிய குறிப்புக்கு ‘பரிசீலிக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வந்தது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கை இந்தத் திடல்களைப் ‘பயன் முடிந்தவை’ என்கிறது. நட்ட எட்டாம் ஆண்டில் அளந்தாயிற்று, தரவரிசை போட்டாயிற்று, முதலிடம் வந்த மரங்களிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டியாயிற்று, இனி நிற்பது வெறும் கட்டை. உங்கள் வாதம் இது. மரத்தை விறகாகப் பார்த்தால் சரிதான். மரபியல் கண்ணோடு பார்த்தால், பாதி படித்த புத்தகத்தை எடைக்குப் போடும் காரியம்.

ஏன் என்று சொல்கிறேன். திடலில் நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் தாய் யார் என்று தெரியும். திறந்த மகரந்தச் சேர்க்கையில் வந்த விதை என்றால் தகப்பன் யாரென்று தெரியாது. காற்று எந்த மகரந்தத்தைக் கொண்டுவந்ததோ அது. ஆகவே ஒரு குடும்பம் என்று நாம் சொல்வது தாய் ஒன்று, தகப்பன் பல என்று இருக்கும் பிள்ளைகளை. நடுச்சரிவுத் திடலுக்கு யாராவது ஒருவர் வந்து பாருங்கள். அலுமினியத் தகட்டில் ஒரே தாய் எண் அடித்த இரண்டு மரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று நூல் பிடித்ததுபோல் நேராக ஏறியிருக்கிறது. அதன் கிளைகள் மெலிந்தவை, தண்டுக்குக் கிட்டத்தட்ட செங்கோணத்தில் விரிந்தவை. அறுத்தால் பலகையில் சிறு கணுக்கள்தான் விழும். மற்றொன்று இரண்டு ஆள் உயரத்தில் கவைத்துவிட்டது. கவையின் இடுக்கில் பட்டை உள்ளே மடிந்து சிக்கியிருக்கிறது, கீழ்க்கிளைகள் கையளவு பருமன். மண் ஒன்று, நட்ட நாள் ஒன்று, தாய் ஒன்று. அப்படியும் இவ்வளவு வேறுபாடு.

இது ஏதோ அந்த ஒரு ஜோடியின் விசேஷம் இல்லை. இப்படித் தாய் மட்டும் ஒன்றான அரைச் சகோதரக் குடும்பங்களில், மரத்திலிருந்து பிள்ளைக்குக் கடத்தப்படும் கூட்டு மரபு வேறுபாட்டில் கால் பங்குதான் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் தெரியும். மீதி முக்கால் பங்கு குடும்பத்துக்குள்ளேயே கிடக்கிறது. தாயும் தகப்பனும் தெரிந்த முழுச் சகோதரக் குடும்பத்திலும் பாதி உள்ளேதான். அதாவது குடும்பச் சராசரிகளை வரிசைப்படுத்தி முதல் சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கும்போது, பட்டியலின் நடுவில் நிற்கும் குடும்பங்களிலுள்ள மிகச் சிறந்த தனிமரங்களும் சேர்ந்தே கழிந்துபோகின்றன. அவற்றில் பல, முதலிடக் குடும்பத்தின் சராசரியைத் தூக்கிச் சாப்பிடும்.

‘அப்படியானால் ஒரே குடும்பத்துக்குள்ளேயே வேண்டிய வேறுபாடு இருக்கிறதே, சில குடும்பங்கள் போதாதா?’ என்று உங்கள் ஆலோசகர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு தலைமுறைக்குப் போதும். அடுத்த தலைமுறையில் அந்தச் சில குடும்பங்களைத்தான் தங்களுக்குள் கலந்தாக வேண்டும். அதற்கு அடுத்ததில் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் ஒன்றோடொன்று. நூற்றில் ஒரு மரத்தில் மட்டும் இருக்கும் அரிய மரபணு வடிவம், நாம் பிடித்துவைத்த சிலவற்றில் அகப்படாமல் போனால் போனதுதான். குடும்பத்துக்குள் எவ்வளவு தேடினாலும் இல்லாதது கிடைக்காது.

இப்போது எண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் அறிக்கை ஒரு எண்ணின் மேல்தான் நிற்கிறது. பாரம்பரியத்திறன் என்ற அந்த எண், கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு பிள்ளைகளுக்குக் கடத்தப்படும் கூட்டு மரபால் வந்தது என்று சொல்வது. பைன் மரங்களில் விட்டத்துக்கும் உயரத்துக்கும் இது பொதுவாக 0.1 முதல் 0.3 வரை இருக்கும். கட்டையின் அடர்த்திக்கு 0.5-ஐத் தாண்டுவது சாதாரணம். கணக்கு எளியது: தேர்ந்தெடுத்த பெற்றோர் திடலின் சராசரியை விட எவ்வளவு மேலோ, அதைப் பாரம்பரியத்திறனால் பெருக்கினால் பிள்ளைகளில் எதிர்பார்க்கும் முன்னேற்றம். சராசரி விட்டம் 25 செ.மீ. உள்ள திடலில் 30 செ.மீ. மரங்களைத் தாய்க்கும் தகப்பனுக்கும் எடுத்தோம் என்று வையுங்கள். 5 செ.மீ. கூடுதல், பாரம்பரியத்திறன் 0.2 என்றால் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது 1 செ.மீ. மட்டும். மீதி 4 செ.மீ. நல்ல குழி, பக்கத்து மரம் செத்து விட்ட இடைவெளி, தண்ணீர் தங்கும் சிறு பள்ளம் என்று மண்ணோடு போய்விடும். அடர்த்தியில் அப்படி இல்லை. கன மீட்டருக்கு 400 கிலோ உள்ள இடத்தில் 440 கிலோ மரத்தைத் தேர்ந்தால், பாரம்பரியத்திறன் 0.6 என்று வைத்துக்கொண்டாலும் பிள்ளைகளுக்கு 24 கிலோ இறங்குகிறது.

உங்கள் அறிக்கை எட்டாம் ஆண்டில் கிடைத்த ஒரு பாரம்பரியத்திறனை எடுத்து, அதை ஏதோ மரத்தின் உடன்பிறந்த குணம்போல் இனி வரும் எல்லாத் தலைமுறைக்கும் எல்லா நிலத்துக்கும் நீட்டிவிட்டது. பாரம்பரியத்திறன் அந்தக் கூட்டத்துக்கும், அந்த நிலத்துக்கும், அந்த வயதுக்கும் உரிய விகிதம். கூட்டத்திலிருந்து வேறுபாட்டைக் கழித்தால் அந்த விகிதத்தின் மேல் எண்ணான மரபு வேறுபாடு சுருங்கும், விகிதமும் இறங்கும். எந்த வேறுபாட்டை வைத்து லாபக் கணக்கு போட்டீர்களோ, அதையே வெட்டிவிட்டுப் பழைய லாபத்தை எதிர்பார்க்கிறீர்கள். அட்டவணையில் ஐந்தாம் தலைமுறை வரை ஒரே சரிவில் ஏறும் அந்தக் கோட்டை யார் வரைந்தார்கள் என்று தெரியவில்லை. வரைந்தவர் ஒருமுறை திடலுக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்து, என் கண்ணெதிரே நடந்த ஒன்று. ரேடியேட்டா பைனில் வளர்ச்சிக்கும் கட்டை அடர்த்திக்கும் எதிர்மறை மரபுத் தொடர்பு உண்டு. வேகமாகப் பருக்கும் மரங்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து எடுத்தால், தெரியாமலே அடர்த்தி குறைந்த கட்டையையும் சேர்த்துத் தேர்வு செய்கிறோம். அதுவும் நடுத்தண்டைச் சுற்றியுள்ள முதல் பத்து வளையங்கள், அதாவது இளங்கட்டை, ஏற்கெனவே பலவீனமானது. அதன் செல்சுவரிலுள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் மரத்தின் நெடுக்குக்குச் சாய்வாகச் சுற்றியிருக்கும். அறுத்துக் காயவைத்தால் பலகை முறுக்கும், வளையும். மரம் சீக்கிரம் பருத்ததால், நடவிலிருந்து வெட்டு வரையான சுழற்சியைக் குறைத்துச் சீக்கிரம் வெட்டும்போது, லாரியில் ஏறும் கட்டையில் இந்த இளங்கட்டையின் பங்கு இன்னும் கூடுகிறது. ஆலைக்காரர்கள் சில வருஷமாகப் புலம்புவது இதைத்தான். கொள்முதல் கூட்டங்களில் அதை விலை பேரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஒரு கட்டத்தில் ஒலி அளவி வாங்கினோம். தண்டில் இரண்டு ஊசிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடித்து, ஒன்றைச் சுத்தியலால் தட்டினால் ஒலி இன்னொன்றுக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் காட்டும் கருவி. ஒலி வேகமாகப் போனால் கட்டை விறைப்பு. மரத்தை வெட்டாமலே தெரிந்துகொள்ளலாம். பழைய திடல் ஒன்றில் அதைப் பழகிப் பார்க்கத்தான் ஆரம்பித்தோம். விட்டத் தரவரிசையில் நடுவில் கிடந்து, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு குடும்பம், விறைப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்தது. விட்டமும் மோசமில்லை, சராசரிக்கு மேல். வளர்ச்சியும் விறைப்பும் சேர்ந்து வரும் இப்படிப்பட்ட விதிவிலக்குகள் அரியவை. பெரிய கூட்டத்தில் துழாவினால்தான் அகப்படும். எட்டாம் ஆண்டில் அந்தக் கருவி கையில் இல்லை, ஆகவே பட்டியலில் அந்தக் குடும்பமும் இல்லை. அன்றைக்கே ‘பயன் முடிந்தது’ என்று திடலை வெட்டியிருந்தால், இன்றைக்கு உங்கள் விளம்பரத் தாளில் முதல் பக்கத்தில் நிற்கும் விறைப்பு வகை பிறந்தே இருக்காது. ஆமாம், அதன் தாய்வழி அதே நடுவரிசைக் குடும்பம்தான். அந்தத் திடலும் இப்போது ஏலப் பட்டியலில் இருக்கிறது.

நாளைக்கு என்ன குணத்தைக் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? முன்பு நேர்த்தண்டும் பருமனும் மட்டும் பார்த்தோம். அப்புறம் அடர்த்தி, அதன் பிறகு விறைப்பு, சுழல் நார், பிசின் பை. வறட்சி தாங்குமா என்ற கேள்வி இப்போதுதான் சூடு பிடிக்கிறது. பழைய திடலில் நிற்கும் மரம், வறண்ட வருஷங்களைத் தன் வளையங்களில் எழுதிவைத்திருக்கிறது. துளைப்பானால் ஒரு பென்சில் கனக் குச்சியை உருவினால், எந்தக் குடும்பம் வறண்ட வருஷத்தில் சுருங்கி அடுத்த மழைக்கு மீண்டது, எது மீளவே இல்லை என்று படிக்கலாம். புதுக் கன்றில் இதைப் படிக்க இன்னொரு சுழற்சிக் காலம் காத்திருக்க வேண்டும்.

டிஎன்ஏ தேர்வைப் பற்றி. நான் அதற்கு எதிரி இல்லை. ஒட்டுமரச் சேகரிப்பில் பெயர்த்தகடு மாறிப்போன மரங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே அதுதான். ஒரு மேன்மை மரத்தின் ஒட்டு என்று பல வருஷம் மகரந்தம் எடுத்துக்கொண்டிருந்தோம். பரிசோதித்தால், அது ஒட்டு பட்டுப்போய் அடிக்கட்டை தழைத்து வந்த மரம். மேலே ஒட்டிய குச்சி எப்போதோ செத்துவிட்டது. திருத்த முடிந்ததற்குக் காரணம், மூல மரம் இன்னும் திடலில் நின்றது. குச்சி எட்டும் உயரத்தில் இல்லை, துப்பாக்கியால் நுனிக்கிளையைச் சுட்டு இறக்கி மறுபடி ஒட்டுக் கட்டினோம். வெட்டிய திடலில் இதைச் செய்ய முடியாது.

பைனின் மரபுத்தொகை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ, பிரம்மாண்டமானது. லோப்லாலி என்ற அமெரிக்கப் பைனின் மரபுத்தொகையை 2014-இல் வெளியிட்டார்கள்: சுமார் 2,200 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போல் ஏழு மடங்கு. நாம் வாங்கப்போகும் டிஎன்ஏ சோதனைச் சில்லு அதில் சில பத்தாயிரம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கிறது. விட்டத்தையோ அடர்த்தியையோ உண்டாக்கும் மரபணுவை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. அநேகமாக அந்த மரபணுவுக்குப் பக்கத்தில் பயணம் செய்யும் அடையாளத்தைப் பார்க்கிறது. எந்த அடையாளம் எந்தக் குணத்தோடு வருகிறது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? திடலில் அளந்த மரங்கள். டிஎன்ஏவும் தெரிந்த, அளவும் தெரிந்த மரக்கூட்டத்தில்தான், டிஎன்ஏவைக் கொண்டு குணத்தைக் கணிக்கும் கணக்குமுறையான கணிப்பு மாதிரி பாடம் படிக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் அறுந்து மறுகோர்வை ஆகும்போது, அடையாளமும் மரபணுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகின்றன. உறவு தூரம் போகப் போகக் கணிப்பின் துல்லியம் இறங்குகிறது. ஒரு நிலத்தில் பயிற்றிய மாதிரி வேறு வகை நிலத்தில் தடுமாறுகிறது. இளவயது அளவில் பயிற்றியது முதிர்ந்த வயதைச் சரியாகச் சொல்வதில்லை. லோப்லாலி பைனில் இந்த முறையைச் சோதித்த ஆய்வுகள் காட்டியதும் இதைத்தான். ஆகவே டிஎன்ஏ தேர்வு வந்துவிட்டதால் திடல் வேண்டாம் என்பது தலைகீழான முடிவு. அது வந்ததால்தான் திடலின் மதிப்பு கூடியிருக்கிறது.

நம் சொந்தத் தரவிலேயே நிலம் மாறினால் வரிசை மாறுவது தெரிகிறது. ஈரச் சரிவில் முதல் ஐந்தில் நிற்கும் ஒரு குடும்பம், மணல்மேட்டுத் திடலில் பாதிக்குக் கீழே போய்விட்டது. சுற்றறிக்கையில் நடவுக்குத் தேர்ந்த பட்டியலில் அது இருக்கிறது. எந்த நிலத்துக்கு என்று குறிப்பிடவில்லை. மணல்மேட்டுக்கும் அதே கன்றுதான் போகப்போகிறது என்று நாற்றங்கால் ஆட்கள் சொல்கிறார்கள்.

நோய் பற்றிச் சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. இதுதான் எனக்கு மிகவும் கவலை. 1960-களின் தொடக்கத்தில் கென்யாவிலும் தான்சானியாவிலும் டோத்திஸ்ட்ரோமா என்ற ஊசியிலைக் கருகல் நோய் வந்தபோது, ரேடியேட்டா பைன் நடுவதையே கைவிட வேண்டியதாயிற்று. அதே நோய் நியூசிலாந்துக்கு வந்தபோது செம்புக் கலவையை விமானத்திலிருந்து தெளித்தார்கள். கூடவே சோதனைத் திடல்களில் மரம் மரமாகப் பார்த்து, எத்தனை சதவீத ஊசி கருகியது என்று மதிப்பெண் போட்டு, எதிர்ப்புத்திறன் பிள்ளைகளுக்குப் போகிறது என்று கண்டு, அதை வைத்தே ஒரு நடவு வகையை உருவாக்கினார்கள். துழாவிப் பார்க்கப் பல குடும்பங்கள் இருந்ததால் அது முடிந்தது.

எதிர்ப்புத்திறன் கிடைத்துவிட்டால் நிம்மதி என்றும் இல்லை. சுகர் பைனில் கொப்புளத் துரு நோயைத் தடுக்கும் ஒற்றை ஆதிக்க மரபணு ஒன்று உண்டு. அதைத் தாங்கிய மரங்களையே நோய் பிடித்தது. அதை மீறும் துரு வகை கலிஃபோர்னியாவின் ஹேப்பி கேம்ப் என்ற இடத்தில் 1970-களில் தலைகாட்டியது. ஒற்றைப் பூட்டைப் பூஞ்சை திறந்துவிடும். பல சிறு மரபணுக்கள் சேர்ந்து தரும் எதிர்ப்பு மெதுவானது, முழுமையற்றது, ஆனால் நிலைக்கும். அதைச் சேர்க்க அகலமான கூட்டம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பூஞ்சையால் வரும் பிசின் புற்று நோய் பட்டுலா பைன் கன்றுகளை நாற்றங்காலிலும் நட்ட இடத்திலும் கொன்றபோது, டெக்குனுமனி பைனோடு கலந்த கலப்பினத்துக்கு மாறினார்கள். மத்திய அமெரிக்கக் காடுகளிலிருந்து அந்த இனத்தின் விதைகளை முன்கூட்டியே யாரோ சேகரித்து நட்டு வளர்த்து வைத்திருந்ததால்தான் மாற முடிந்தது. சேகரித்த காலத்தில் அதற்கும் ‘உடனடிப் பயன்’ இருந்திருக்காது.

ரேடியேட்டாவின் கதை இன்னும் நெருக்கடியானது. உலகம் முழுக்க 40 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு நட்டிருக்கும் மரம் இது. இயற்கையாக வளர்ந்தது மொத்தம் ஐந்தே இடங்களில்: கலிஃபோர்னியக் கரையில் ஆன்யோ நுவேவோ, மான்டரே, காம்ப்ரியா, மெக்சிகோவுக்குச் சொந்தமான குவாடலூப், செட்ரோஸ் என்ற இரண்டு தீவுகள். பழைய நடவுகளின் அடிப்படை பெரும்பாலும் முதல் இரண்டு இடங்களிலிருந்து போன விதை. குவாடலூப் தீவில் ஆடுகள் முளைத்த கன்றையெல்லாம் மேய்ந்து தீர்த்ததில், முதிர்ந்த மரங்கள் சில நூறு மட்டும் மிஞ்சின. ஆடுகளை அகற்றிய பிறகுதான் கன்றுகள் தலைதூக்கின. மான்டரே பகுதியில் பிசின் புற்று நோய் வேறு. 1978-இல் இந்த ஐந்து இடங்களிலும் விதை சேகரித்துப் பல நாடுகளுக்குப் பகிர்ந்தார்கள். நம் ஒட்டுமரச் சேகரிப்பின் கடைசி இரண்டு வரிசைகள் அந்த வழியில் வந்தவை. குவாடலூப் மரத்தின் கட்டை அடர்த்தி மற்ற இடத்து மரங்களை விட அதிகம் என்பதற்காகவே முன்னவர்கள் அதைக் காப்பாற்றி வைத்தார்கள். ஏலத்துக்கான கள அட்டையில் அந்த இரண்டு வரிசைகளுக்கும் எதிரே ‘தரம் குறைந்த மரம், விறகு’ என்று எழுதியிருக்கிறது. பார்வைக்கு விறகுதான், மறுக்கவில்லை. எழுதியவருக்கு அது என்ன மரம் என்று யாரும் சொல்லவில்லை.

குறைந்த குடும்பங்களில் நின்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பைன் மரங்கள் ஒவ்வொன்றும் கேடு தரும் ஒடுங்கு மரபணுக்களை நிறையவே சுமக்கின்றன. அயல் மகரந்தம் சேரும்போது அவை வெளியே தெரியாது. தன் மகரந்தமே சேர்ந்தால் கருக்களில் பெரும்பகுதி செத்து விதை பதராகும், முளைப்பதில் சில பச்சையமே இல்லாமல் வெளுத்துச் சாகும், பிழைத்தது குட்டையாக நிற்கும். நெருங்கிய உறவில் சேர்ந்தாலும் அதே கதை, அளவுதான் குறைவு. விதை எடுப்பதற்காகவே ஒட்டுகளை நட்டு வளர்க்கும் விதைத் தோப்பில் உறவுக்கார ஒட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் விளைச்சலில் பதர் கூடும். சரி, கட்டுப்படுத்திய சேர்க்கை செய்வோம், பெண் கூம்புக்குப் பை கட்டி மகரந்தத்தை ஊதுவோம் என்றால், அதற்கும் உறவில்லாத தகப்பன் வேண்டுமே. இதற்கிடையில் வெளிமகரந்தக் கலப்பு வேறு. சில பைன் விதைத் தோப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விதைகளுக்குத் தகப்பன் தோப்புக்கு வெளியே இருந்திருக்கிறான். பைனில், செல்லுக்குள் பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகமும் அதன் டிஎன்ஏவும் தகப்பன் வழியாக வருவதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். நம் தோப்பில் கடைசியாக எப்போது சோதித்தோம்?

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நடவுக்குக் குறைவான குடும்பங்களைப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஒரு காட்டுப் பகுதியில் சில நல்ல குடும்பங்களை நட்டு, சுழற்சி முடிந்ததும் வெட்டி, அடுத்து வேறு சிலவற்றை நடலாம். அது உற்பத்திக் கூட்டம். அதற்குப் பின்னால் அடுத்தடுத்த தேர்வுகளுக்கு ஊற்றாக இருக்கும் இனப்பெருக்கக் கூட்டம் வேறு. அது அகலமாக இருந்தால்தான் முன்னது குறுகலாக இருக்க முடியும். உங்கள் சுற்றறிக்கை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, உற்பத்திக்குச் சொல்ல வேண்டிய எண்ணை இனப்பெருக்கக் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டது. மொத்தத் தவறும் இந்த ஒரு இடத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லாத் திடலையும் அப்படியே காப்பாற்றுங்கள் என்றும் கேட்கவில்லை. தகடு தொலைந்து, வரைபடமும் இல்லாமல், எது எந்தக் குடும்பம் என்று சொல்ல முடியாத திடல்கள் சில உண்டு. நெருப்பில் பாதி போனது ஒன்று. இன்னொன்றில் மான் கடித்ததில் மிஞ்சியது கால்வாசி. அவற்றை வெட்டுங்கள், எனக்கு வருத்தமில்லை. மற்றவற்றில் மரம் விற்று வரும் தொகை ஒரே ஒரு வருஷத்து வரவு. அதை நிரந்தரச் சேமிப்பு என்று பட்ஜெட்டில் காட்டியிருப்பது சரியில்லை.

ஆகவே கேட்கிறேன். ஏலத்தை நிறுத்திவையுங்கள். திடல்வாரியாக, தகடும் வரைபடமும் சரியாக இருப்பவை எவை, வேறு திடல்களோடு பொதுவான குடும்பங்கள் கொண்டவை எவை என்று கணக்கெடுத்து, திட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு மர மரபியலாளர் பார்த்த பிறகே முடிவெடுங்கள். வெட்டத்தான் வேண்டும் என்று ஆகும் திடலிலும், மரம் சாயும் முன் ஒலி அளவும், சாய்ந்த பின் ஒவ்வொரு மரத்தின் தண்டிலிருந்தும் குறுக்கே அறுத்த ஒரு வட்டும், டிஎன்ஏவுக்கு ஊசியிலையும் எடுக்காமல் ஒரு லாரிகூட உள்ளே வரக் கூடாது. இது ஒப்பந்த நிபந்தனையில் ஏற வேண்டும்.

ஒட்டுமரச் சேகரிப்பில் உள்ள ஒவ்வொரு மரமும் டிஎன்ஏவால் அடையாளம் உறுதியாகி, வேறொரு இடத்தில் இரட்டையாக வளர்ந்து நிற்கும் வரை மூலத்தைத் தொடாதீர்கள். நெருப்போ நோயோ ஒரே இரவில் இரண்டையும் கொண்டுபோகாத தூரத்தில் அது இருக்க வேண்டும். பைன் விதை உலர்த்திக் குளிரில் வைத்தால் பல பத்தாண்டு தாங்கும். இந்தக் கூம்புப் பருவத்திலேயே விதைச் சேகரிப்பையும் தொடங்கலாம், பெரிய செலவு இல்லை. கடைசி இரண்டு வரிசைகளை, அதாவது தீவு மரங்களை, எந்தச் சூழ்நிலையிலும் விற்பனைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

டிஎன்ஏ தேர்வுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய திடல் போடுவதற்கும், மாதிரியை மறுபடி பயிற்றுவதற்கும் என்று எழுத்தில் பிரித்துவையுங்கள். ஈரச் சரிவு, மணல்மேடு, உறைபனிப் பள்ளம் என்று நாம் உண்மையில் நடும் நிலவகை எல்லாவற்றிலும் திடல் இருக்க வேண்டும். அளவுக் குழுவைக் கலைக்காதீர்கள். மதிப்பெண் போடும் கண் ஒரே பருவத்தில் பழகாது. நேர்த்தண்டுக்கு 6 கொடுப்பதா 7 கொடுப்பதா என்று இரண்டு பேர் ஒத்துப்போவதற்கே பல நாள் சேர்ந்து நடக்க வேண்டியிருக்கிறது.

இனப்பெருக்கக் கூட்டத்தின் பயனுறு அளவு (உறவைக் கணக்கில் எடுத்தால் எத்தனை மரத்துக்குச் சமம் என்பது) எவ்வளவு, சராசரி உறவு எவ்வளவு என்ற இரண்டு எண்களை ஆண்டறிக்கையில் அச்சிடுங்கள். கன மீட்டரும் வருமானமும் போடும் அதே பக்கத்தில் போட்டால் போதும்.

ஏல உறைகள் திறக்கும் நாளுக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். எந்தத் திடலை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்று திடல் எண்ணும் காரணமும் போட்டு நான் தயாரித்த பட்டியல் உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. குழுவில் யார் வேண்டுமானாலும் வாருங்கள், திடலுக்குக் கூட்டிப்போகிறேன். மழை நின்ற பிறகு வந்தால் மேல்சரிவு வரை வண்டி போகும்.

இப்படிக்கு,
சந்ததிச் சோதனைத் திடல்களின் அளவுப் பணியாளர் ஒருவர்